உலகப் படமும் பக்கத்து வாங்கும்

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கென 1824இல் உடுவிலில் விடுதிப் பாடசாலை தொடங்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார். 1840இல் அங்கு வந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதனை நடத்தியவர் எலைசா அக்னியூ. நியூயோர்க்கில் சிறுமியாயிருந்த காலத்தில், புவியியல் பாடத்தின்போது உலகப் படத்தில் மொறீசியஸ் தீவைக் காட்டி, அங்கு இறந்த இளம் மிஷனரிப் பெண்ணொருவரின் கதை சொல்லப்பட்டதாம். அதைக் கேட்டே கடல் கடந்து பணிசெய்ய அவர் உறுதிகொண்டார். யாழ்ப்பாணம் வந்தபின் தாயகம் திரும்பாமலே 1883இல் இங்கேயே மறைந்தார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் கற்றனர்.

ஒரு புவியியல் பாடத்தின் வலிமை அது. ஆயினும் உலகம் அன்று ஒருவழிப் பாதையாகவே நம்மிடம் வந்தது. மிஷன் விடுதிப் பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. உலகை அறியச் சென்ற பிள்ளை தன் பெயரை வாசலிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. தன் சமயத்தோடும் பண்பாட்டோடும் புதிய கல்வியைப் பெற வழிதேடியே, ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்கள் கல்லூரியை அமைத்தார்.

1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் இன்னொரு பாதையைத் திறந்தது. அவர்களின் அழைப்பில் 1927இல் வந்த காந்தியடிகள் உடுவில், இராமநாதன் மகளிர் கல்லூரிகள் இரண்டிலும் மாணவிகளிடம் பேசினார். சிங்களவரும் தமிழரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்கவேண்டும், சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்றும் அவ்விளைஞர்கள் வலியுறுத்தினர்.

தொலைவிலுள்ளவரை வரவேற்பது நமக்கு எளிதாயிருந்தது. அருகிலிருப்பவரை ஏற்பதுதான் கடினமாயிற்று. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற விதி வந்தபோது, குடாநாட்டில் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் நம்மவரே.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளே, உங்கள் பேரப்பிள்ளையின் பெயரை வகுப்பாசிரியர் முயன்று திருத்தமாகச் சொல்லும்போது உங்கள் மனம் குளிர்கிறதல்லவா? அந்த மதிப்பையே, பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும், தெற்கிலும் மலையகத்திலும் படிக்கும் பிள்ளைக்கும் நம் மாணவிகள் கொடுக்கப் பழகவேண்டும். நம் சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுப் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.