சங்க முத்திரையின் சரித்திரம்

ஒரு பொருளை வாங்குகிறவர் அதன் விலையையும் அழகையும் பார்ப்பதோடு நில்லாமல், அதைச் செய்தவனுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்றும் விசாரிக்க வேண்டும் என்னும் கொள்கையை, ஒரு சிறு காகிதத் துண்டின் மூலம் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்த பெருமை அமெரிக்கத் தொழிற்சங்கங்களைச் சேரும்.

சுருட்டுத் தொழிலில் தோன்றியது அது. நியூயார்க் நகரத்தின் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில், சமைப்பதும் உறங்குவதும் குழந்தைகளை வளர்ப்பதுமான அதே அறையில் புகையிலையைப் பரப்பிவைத்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக இரவு வெகுநேரம் வரை சுருட்டுச் சுற்றிய காலத்தில், அத்தகைய இடங்களிலும் சிறைச்சாலைகளிலும் செய்த சரக்கு அன்று இது என்பதற்கு அத்தாட்சியாக, 1880-இல் சிகாகோவில் கூடிய சுருட்டுத் தொழிலாளர் மகாநாடு நீல முத்திரை ஒன்றை ஏற்றுக்கொண்டது. சங்கக் கூலி கொடுத்த பட்டறையின் பெட்டிகளில் மட்டுமே அந்த நீலக் காகிதத்தை ஒட்டலாம்.

ஆனால் அதன் பிறப்பில் ஒரு களங்கமும் உண்டு. அதை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். நீல முத்திரைக்குச் சில ஆண்டுகள் முன்பே சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய வெள்ளை முத்திரை, வெள்ளையர் கைபட்ட சுருட்டு இது, சீனர் செய்தது அன்று என்றே பறைசாற்றிற்று. உழைப்பின் கௌரவத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள், தங்களைப்போலவே உழைத்துப் பிழைத்த ஏழைகளைத் துவேஷித்தார்கள் என்பது வேதனைக்குரிய உண்மை.

முத்திரை பின்னர்த் தொப்பிக்கும் பாதரட்சைக்கும் பரவியது. வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரையில் பெரிய சோதனை வந்தது அடுப்பின் மூலமாகத்தான். செயின்ட் லூயி நகரத்துப் பக்ஸ் அடுப்புக் கம்பெனியில், உலோகப் பகுதிகளுக்கு மெருகேற்றும் தொழிலாளர்கள் நாளைக்கு ஒன்பது மணி நேரமே வேலை என்று கோரி 1906-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் தன் பத்திரிகையில், ஆதரிக்கத்தகாத கம்பெனிகளின் ஜாபிதாவில் அப்பெயரையும் சேர்த்தது. கோர்ட்டு அதற்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. அதை மீறியதாகச் சம்மேளனத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸுக்கு 1908-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனையும் விதித்தது. 1911-இல் சுப்ரீம் கோர்ட்டு நடைமுறைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்து செய்ததேயன்றி, பகிஷ்காரத்துக்கு விதித்த தடையைத் தவறென்று சொல்லவில்லை.

வாங்காதே என்று சொல்வதே குற்றமாகிவிட்டபோது, இதை வாங்கு என்று சொல்லும் உரிமை எஞ்சி நின்றது. 1909-இல் சம்மேளனம் சங்க முத்திரைக்கென்று தனி இலாகாவை நிறுவியது. சங்கம் போராடிப் பெற்ற கூலியைச் செலவிடுகிறவர்கள் இல்லத்தரசிகளே. அக்கூலி சங்கமில்லாத ஆலையின் சரக்குக்குப் போய்ச் சேர்ந்தால் போராட்டம் வீண் என்பதை உணர்ந்த பெண்கள், 1899-லேயே தங்களுக்கென்று முத்திரைக் கழகம் ஒன்றை ஸ்தாபித்து, கடைக்காரரிடம் முத்திரை எங்கே என்று வற்புறுத்திக் கேட்கும் பழக்கத்தை வளர்த்தார்கள்.

ஓஹையோ நதிக்கரையில் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஈஸ்ட் லிவர்பூல் நகரில், குயவர் சங்கம் 1890-இல் தோன்றியது. அந்த வட்டாரத்துப் பழைய தட்டுகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் கம்பெனியின் பெயரோடு, சங்கத் தொழிலாளர் செய்தது, அமெரிக்காவில் செய்தது என்னும் வாசகமும் மெருகுக்கு அடியில் பதிந்திருக்கும். நதியின் எதிர்க்கரையில் உள்ள நியூவெல் ஊரில் 1936-இல் பிறந்த ஃபியஸ்டா என்னும் வண்ணத் தட்டுகள், இடையில் சில ஆண்டுகள் நின்றுபோயினும், இன்றும் அவ்வூரிலேயே உற்பத்தியாகின்றன. மலிவான இறக்குமதியின் முன் நிற்கமாட்டாமல் அவ்வட்டாரத்துச் சூளைகளில் பெரும்பாலானவை அணைந்துவிட்டன.

சுதேசப் பொருளென்ற ஒன்றே போதும் என்று அந்த முத்திரை ஒருநாளும் சொன்னதில்லை; சொந்த நாட்டு ஆலையிலும் தொழிலாளியை வதைக்க முடியும் என்பதற்குச் செயின்ட் லூயியும் நியூயார்க்குமே சாட்சி. அந்நியனை வெறுப்பதற்காக வாங்குவது வேறு. உழைத்தவனுக்கு உரியது சேரவேண்டும் என்று வாங்குவது வேறு. முன்னதை விலக்கிப் பின்னதைக் கைக்கொள்ளும் வீடுதான், தொழிலாளர் உரிமைக்காகச் சிறைக்கஞ்சாமல் நின்றவர்களுக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்கிறது.