வெக்கை நோயில் பிறந்த விதிப்புத்தகம்

நாமக்கல் முட்டை கப்பலேறுமா, பண்ணையிலேயே தேங்குமா என்பதில் பாரிஸில் இருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்புக்கும் பங்குண்டு. அந்த அமைப்பு பிறக்கக் காரணமே நம் பக்கத்து மாடுகள்தாம்.

1920-ல் தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகளை, வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கினார்கள். கூடவே வெக்கை நோயும் இறங்கி, உள்ளூர் மாடுகளைப் பிடித்தது. ஐரோப்பா பதறியது. மறு ஆண்டே பாரிஸில் மாநாடு. 1924 ஜனவரி 25-ல் 28 நாடுகள் அந்த அமைப்பை நிறுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐ.நா. சபைக்கே அது மூத்தது. நோய் கண்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் அடிப்படை. அந்த வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். சாதாரண சாதனையல்ல அது.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. கால்நடை நோய் வழக்குகளுக்குப் பாரிஸ் அமைப்பின் விதிப்புத்தகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டது. அதுவரை ஆலோசனையாக இருந்தது, வழக்காடும் ஆயுதமாயிற்று.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. அங்கிருந்து நாமக்கல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் வளைகுடா நாடுகள் பல, இந்திய முட்டைக்கே கதவைச் சாத்தின. நோய் கண்ட பகுதியை மட்டும் விலக்கலாம், நாட்டையே விலக்கத் தேவையில்லை என்கிறது விதிப்புத்தகம். இதே விதியைக் காட்டித்தான் 2012-ல் அமெரிக்கா, தன் கோழிக்கு இந்தியா விதித்த தடையை எதிர்த்து வழக்குப் போட்டது. 2015 மேல்முறையீட்டிலும் வென்றது. ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி வர்த்தக நடவடிக்கை எடுக்க அனுமதி கேட்டது. 2023-ல்தான் சமரசம்.

தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. நாமக்கல் கேட்பதும் அதே நியாயம்தான். ஆனால் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் அரசுகள் மட்டுமே வழக்காடலாம், பண்ணையாளர் படியேற முடியாது. தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகள் ஆனது. முட்டை மூன்று மாதம்கூடத் தாங்காது. கையில் வலுவுள்ளவருக்கு மட்டும் எட்டும் விதியை நியாயமான விதி என்று எப்படிச் சொல்வது?

நோய் அண்டாதபடி வேலியிட்டு, வண்டிச் சக்கரம் முதல் தீவனம் வரை கண்காணிக்கும் பண்ணைகளைத் தனிப் பிரிவாகக் கருதவும் பாரிஸ் விதியில் இடமுண்டு. 2023-ல் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 26 பிரிவுகளைப் பறவைக் காய்ச்சல் அற்றவை என இந்தியா அறிவித்தது. பாரிஸ் அதை வெளியிட்டது. எனினும் அது சுய அறிவிப்புதான். பொறுப்பு இந்தியாவுடையது, வாங்கும் நாடு ஏற்றாக வேண்டிய கட்டாயமில்லை.

கோமாரி நோய்க்கு அப்படியில்லை. ஆவணங்களைப் பரிசீலித்துப் பாரிஸே சான்று தருகிறது. பறவைக் காய்ச்சலுக்கும் அதே சான்றை அது தர வேண்டும். இந்தியா அதைப் பாரிஸ் அமைப்பின் அவையில் விடாமல் கேட்க வேண்டும்.