குளியலறையின் கதை

சென்ற திங்கள் என் தமையனார் மகன் என்னைக் காண வந்திருந்தான். புதிதாக வீடு கட்டத் தொடங்கியிருக்கிறான். கையோடு சில படங்களையும் கொண்டுவந்தான். எல்லாம் குளியலறைப் படங்கள். கண்ணாடித் தடுப்பு, மழைபோல் நீர் பொழியும் குழாய், பளபளக்கும் பீங்கான் ஓடுகள் பதித்த சுவர், மறைந்து நின்று ஒளி வீசும் விளக்குகள்! "சித்தப்பா, இவற்றுள் எந்த நிறம் அழகாயிருக்கும்? நீங்கள்தாம் சொல்லவேண்டும்" என்றான்.

"நிறம் இருக்கட்டும், குளித்த தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் கொத்தனார் பார்த்துக்கொள்வார்" என்றான்.

அந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது. உலகில் குளியலறை வளர்ந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு மனிதன் தேடிய விடைகளின் வரலாறே என்பது என் கருத்து. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கதை சிந்து நதிக்கரையில் தொடங்குகிறது. இன்று பாகிஸ்தானத்தில் உள்ள மொகெஞ்சதாரோவில் 1922ஆம் ஆண்டில் அகழ்வாய்வு தொடங்கிற்று. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நகரம் ஒன்று அங்கே வெளிப்பட்டது. அந்நகரின் பெருங்குளத்தைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். சுமார் 39 அடி நீளமும், 23 அடி அகலமும், 8 அடி ஆழமும் உடையது அது. நீர் கசியாதிருக்கச் செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, நிலக்கீல் பூசியிருந்தனர்.

ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது அந்தக் குளம் அன்று. சாதாரண வீடுகளில் இருந்த சிறு குளியலறைகளே. அவற்றின் தரையில் செங்கற்களைத் தேய்த்து இடைவெளியின்றிப் பொருத்தியிருந்தார்கள். தரை ஒரு மூலையை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வைத்தான் நம் கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்கிறார்கள். மூலையில் சேர்ந்த நீர் சுவரின் துளை வழியே தெருச் சாக்கடைக்குச் சென்றது. நீர் எளிதில் வெளியேற வேண்டும் என்பதற்காகவே குளியலறையைப் பெரும்பாலும் தெருப்பக்கமாக அமைத்தனர். மாடியிலிருந்து நீரை இறக்கச் சுடுமண் குழாய்கள் இருந்தன. தெருச் சாக்கடைகள் செங்கல்லாலும் கல்லாலும் மூடப்பட்டிருந்தன. வண்டல் தங்குவதற்கு இடையிடையே குழிகளும் இருந்தன. முதலில் நீர் போகும் வழி, பிறகே அறை. இதுவே அம்மக்கள் கண்ட முறை.

இனி இங்கிலாந்து நாட்டிற்குச் செல்வோம். கழிப்பறையில் நீரூற்றிக் கழுவும் பொறி ஒன்றை 1596ஆம் ஆண்டிலேயே சர் ஜான் ஹாரிங்டன் என்பார் எழுத்தில் விளக்கினார். ஆனால் குழாய் வழியே துர்நாற்றம் வீட்டிற்குள் திரும்பி வந்தது. அதனைத் தடுத்தவர் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர். 1775இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில் குழாய் பாம்பைப்போல் வளைந்திருந்தது. அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நின்று, காற்று மேலேறாதபடி அடைத்துக்கொண்டது. இன்று நம் கைகழுவும் தொட்டியின் கீழும், கழிகலத்தின் உள்ளும் உள்ள வளைவு அதன் வழிவந்ததே. அடுத்த முறை கைகழுவும்போது சற்றுக் குனிந்து பாருங்கள்.

வீட்டிற்குள் நாற்றம் நின்றது. கழிவு எங்கே சென்றது? முதலில் வீட்டின் கீழிருந்த குழிகளுக்கு. பின்னர் சாக்கடைகளின் வழியாகத் தேம்ஸ் நதிக்கு. அந்நதி நீரைத்தான் இலண்டன் மக்களில் பலர் பருகினர். காலரா நோய் மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. 1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவில் இருந்த ஒரு நீரேற்றுக் குழாயைச் சுற்றியே மரணங்கள் நிகழ்ந்திருப்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். நோய் நீரின் வழியே பரவுகிறது என்ற அவர் கூற்றை அன்று பலர் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையிலோ நதியின் நாற்றம் நாடாளுமன்றத்திற்குள்ளேயே புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. நாற்றம் தம் மூக்கை எட்டிய பிறகே உறுப்பினர்கள் விரைந்து சட்டம் இயற்றினர்! ஜோசப் பசல்கெட் என்னும் பொறியாளர் சுமார் 82 மைல் நீளத்திற்குப் பெருஞ்சாக்கடைகளை நிலத்தடியில் அமைத்து, கழிவு நீரை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றார். என் வீடு தூயது என்பதால் ஊர் தூயதாகிவிடாது; ஊர் தூயதாகாவிடில் என் வீட்டுக்கும் நோய் வரும். இந்தப் பாடத்தைக் கற்க அந்நகரம் தந்த விலை பெரிது.

நோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாயிற்று. அதன் பயனாகவே வெண்ணிறப் பீங்கான் ஓடுகள் குளியலறைச் சுவர்களில் ஏறின. அழுக்குச் சிறிதிருந்தாலும் கண்ணில் படும், எளிதில் கழுவலாம். அழகு பின்னர் வந்தது. 1931இல் பாரிசுக்கு அருகே கட்டி முடிக்கப்பட்ட சவோய் மாளிகை புதுமைக் கட்டடக் கலைக்குப் பெயர்பெற்றது. கட்டடக் கலைஞர் ல கொர்புசியே அதன் குளியலறையில், உடல் சாய்ந்து இளைப்பாற வளைந்த ஓட்டிருக்கை ஒன்றையும் அமைத்தார். இன்றும் மாணவர் அதைக் காணச் செல்கின்றனர். ஆனால் அந்த வீடு மழைக்கு ஒழுகியது. குளியலறைக்குள்ளும் நீர் புகுந்தது. வீட்டுத் தலைவி அக்கலைஞருக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். நீரின் வழியை மறந்தால் மேதைக்கும் இதுவே கதி.

நம் நாட்டில் இக்கேள்வி வேறொரு வடிவம் கொண்டது. நீர் இல்லாத எடுப்புக் கழிப்பறைகளில் சேர்ந்ததை, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மனிதர்கள், பெரும்பாலும் பெண்கள், கையால் வாரிச் சுமந்தார்கள். 1901இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்றிருந்த காந்தியடிகள், அங்கிருந்த கழிப்பறையின் நிலை கண்டு, தாமே துடைப்பம் எடுத்துத் துப்புரவு செய்தார். 1970இல் பிந்தேஷ்வர் பாடக் சுலப் இயக்கத்தைத் தொடங்கி, இரு குழிக் கழிப்பறையைப் பரப்பினார். ஒரு குழி நிறைந்ததும் கழிவை மற்றதற்குத் திருப்புவர். மூடிய குழியில் உள்ளது இரண்டு ஆண்டளவில் நாற்றமற்ற எருவாகிவிடும். எவரும் மலம் சுமக்க வேண்டியதில்லை.

கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ இறக்குவதையும் குற்றமாக்கிற்று. ஆயினும் தொட்டியில் இறங்கியவர் நச்சுவாயுவால் மாண்டார் என்ற செய்தி வரத்தான் செய்கிறது. அவ்வாறு இறப்போர் குடும்பத்திற்குப் பத்து இலட்ச ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகுமா?

என் தமையனார் மகனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பின்னர் வீட்டு வரைபடத்தை விரித்து இருவரும் அமர்ந்தோம். எண்பது அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் தரைக்கு வாட்டம் குறித்தோம். ஈரம் உலரக் காற்றும் வெயிலும் வரும் சன்னல் ஒன்று வைத்தோம். வழுக்காத ஓடு தரைக்கு என்று முடிவு செய்தோம். முதியோர் பற்றி எழுவதற்குச் சுவரில் ஒரு பிடியும் சேர்த்தோம். இறுதியில் கழிவுத் தொட்டியைப் பார்த்தேன். வரைபடத்தில் அது வீட்டின் பின்புறம், சமையலறைத் தளத்தின் கீழே இருந்தது. உறிஞ்சு வண்டியின் குழாய் அங்கே எட்டாது. பின்னொரு நாள் யாரேனும் ஒருவர் அதனுள் இறங்க நேரிடும். அதனைத் தெருப்பக்கமாக மாற்றி, எளிதில் திறக்கும் மூடியும் வரைந்தோம்.

"நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, சித்தப்பா?" என்றான் புறப்படும்போது.

"உனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிக்கொள். இனி எந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும்" என்றேன்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள். பலர் வீடு கட்டுவீர்கள். அன்று படத்தைப் பார்க்கும் முன், நீரின் வழியைப் பாருங்கள். அவ்வழியின் முடிவில் ஒரு மனிதன் நிற்கக்கூடாது.