எட்டுக்கு நடுவே ஒரு மூன்று: ஸ்வீடனின் மஞ்சள் தபால்தலை

பழைய தபால்தலைகளில் நிறம் என்பது அலங்காரம் இல்லை, விலைப்பட்டியல். ஸ்வீடன் 1855ல் தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டபோது ஐந்து மதிப்புகளுக்கும் ஒரே சின்னம்தான், ஒரே அமைப்புதான். 3 ஸ்கில்லிங் நீலம் கலந்த பச்சை, 8 ஸ்கில்லிங் மஞ்சள். கவுண்டரில் இருப்பவர் எழுத்தைப் படிக்க வேண்டாம், நிறத்தைப் பார்த்தாலே போதும்.

ஆனால் உலகத்தில் ஒரே ஒரு 3 ஸ்கில்லிங் மட்டும் மஞ்சளில் இருக்கு!

எப்படி நடந்தது? ஒரு தாளில் 100 தலைகள். ஒவ்வொரு தலைக்கும் தனித்தனி உலோக அச்சு, அந்த நூறையும் சேர்த்துக் கட்டித்தான் அச்சடிப்பாங்க. 8 ஸ்கில்லிங் கட்டில் ஏதோ ஒரு அச்சு கெட்டுப்போக, அந்த இடத்தில் 3 ஸ்கில்லிங் அச்சைத் தவறுதலா சொருகிட்டாங்க என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். எங்க மென்பொருள் வேலையில் காப்பி-பேஸ்ட் பண்ணிட்டு ஒரு எண்ணை மாத்த மறப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

முத்திரையைப் படிக்க முடிகிறது: நியா கொப்பர்பெரியெட் என்ற ஊர், 1857 ஜூலை 13. மஞ்சளைப் பார்த்து எட்டுன்னு நினைச்சே யாரோ குத்தியிருக்கணும், இது என் ஊகம். 1880களில் யோர்ய் பக்மன் என்ற பள்ளிச் சிறுவன் பாட்டி வீட்டுப் பழைய கடிதங்களில் இதைக் கண்டெடுத்து, வியாபாரியிடம் 7 குரோனருக்கு விற்றான். 1894ல் பெரும் சேகரிப்பாளர் ஃபெராரியிடம் போனது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸ் அரசு அவர் தொகுப்பைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது. 1937ல் ருமேனிய மன்னர் இரண்டாம் கரோல் வாங்கினார்.

எனக்கு இதில் சுவாரஸ்யமே 1970களின் சர்ச்சைதான். ஸ்வீடன் அஞ்சல் அருங்காட்சியகமே இது போலி என்று சொல்லிவிட்டது. சந்தேகம் நியாயமானதுதான். பழைய பச்சை மைகள் பல, நீலமும் மஞ்சளும் கலந்தவை. அந்த நீலம் பிரஷ்யன் நீலமா இருந்தால் காரம் பட்டாலே சிதைந்துவிடும், மிஞ்சுவது மஞ்சள். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் ஈயம் கலந்த ஆரஞ்சு கறுத்துப் பழுப்பாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு தடவினால் பழையபடி ஆகும். இப்படி நிறம் மாறிய தலைகளை ‘சேஞ்ச்லிங்’ என்பார்கள். அச்சுப் பிழை என்று நம்பி இவற்றுக்குக் காசு கொடுத்தவர்கள் ஏராளம். அதனால் நிறம் விசித்திரமா இருக்குன்னு யாராவது பழைய தலையை நீட்டினால், நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பர்ஸைத் திறக்காதீங்க.

மஞ்சள் தலையை இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சோதித்தன. நிஜமான பிழைதான் என்று முடிவானது. 1996ல் ஜூரிக் ஏலத்தில் சுமார் 28.7 லட்சம் சுவிஸ் ஃபிராங்க். 2013ல் குஸ்தாஃப் டக்ளஸ் என்ற ஸ்வீடன் பிரபு வாங்கினார். இரண்டாவது மஞ்சள் மூன்று இதுவரை கிடைக்கவில்லை.