விளையாட்டு மென்பொருட் கருவிகளும் கற்போனின் தெரிவும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தொழிலைக் கற்கப் புகுவோன் முன் முதலில் எழும் வினா எக்கருவியைக் கையில் எடுப்பது என்பதாகும். பெரும்பாலான தொழில்களில் இவ்வினா அத்துணை இடர்ப்பாடு உடையதன்று. தச்சனின் உளியும் கொல்லனின் சம்மட்டியும் தலைமுறைகள் கடந்தும் நிலைப்பன. கணினி விளையாட்டுக்களை ஆக்கும் தொழிலிலோ, ஒரு கருவி தோன்றி உலகெங்கும் பரவி மறைவதற்குக் கால் நூற்றாண்டு போதுமானதாக இருந்துள்ளது. அதனைத் திறம்படக் கற்பதற்கு மாணவன் தன் இளமையின் சில ஆண்டுகளை ஈடாகக் கொடுக்கவேண்டியுள்ளது. யூனிட்டி, அன்ரியல், கோடோ ஆகியவற்றுள் எதனைக் கற்பது என்ற விவாதம் இன்று மாணவரிடையே நிகழ்கின்றது. எது எளிது, எதன் காட்சிகள் அழகியவை என்ற அளவிலேயே அது பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. இக்கருவிகளின் வரலாற்றை நோக்கின், வினாவையே வேறு வகையில் எழுப்பவேண்டியிருத்தல் புலனாகும்.

தொடக்க காலத்தில் கற்போனுக்குத் தெரிவு என்பதே இருக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்டீவ் ரசலும் அவர்தம் தோழரும் 'ஸ்பேஸ்வோர்' என்னும் விளையாட்டை ஆக்கியபோது, அது பி.டி.பி.-1 என்ற ஒரு கணினிக்கெனவே எழுதப்பட்டது. 1977இல் வெளிவந்த அட்டாரி 2600 இயந்திரத்தின் நினைவகம் 128 பைற்றுக்களே. அதற்கு விளையாட்டு எழுதியோர் அவ்வியந்திரத்தின் இயல்பனைத்தையும் அறிந்து, ஒவ்வோர் ஆக்கத்தையும் அடியிலிருந்து கட்டியெழுப்பினர். இயந்திரம் மாறியபோது எழுதியவற்றுட் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று.

இந்நிலையை மாற்றிய ஆக்கங்களுள் 1993இல் ஐடி சொஃப்ட்வெயர் வெளியிட்ட 'டூம்' தலையாயது. ஜோன் கார்மக் அதன் நிரலை இரு கூறாக வகுத்தார். காட்சியை வரைந்து இயக்கத்தை நடத்தும் பகுதி ஒருபுறமும், படங்களும் ஒலிகளும் தளவமைப்புக்களும் தனிக்கோப்பாக மறுபுறமும் அமைந்தன. முன்னைய பகுதியே 'எஞ்சின்' என வழங்கலாயிற்று. ஒரு விளையாட்டின் எஞ்சினை விலைகொடுத்துப் பெற்று, வேறொரு விளையாட்டைப் படைத்தல் இதனால் இயல்வதாயிற்று. ரேவன் நிறுவனத்தின் 'ஹெரெற்றிக்' (1994) டூமின் எஞ்சினைக் கொண்டும், வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப்' (1998) குவேக்கின் எஞ்சினைத் திருத்தியும் ஆக்கப்பட்டவை. 1998இல் எபிக் நிறுவனம் அன்ரியல் எஞ்சினுடன் இச்சந்தையிற் புகுந்தது. எனினும் இவ்வுரிமங்கள் நிறுவனங்களுக்கே எட்டுவனவாயிருந்தன. தனி மாணவனுக்கு உரியதாக எஞ்சியது, வெளிவந்த விளையாட்டொன்றை மாற்றியமைத்துப் பழகும் வழியேயாகும்.

தனி மாணவருக்கு வாயிலைத் திறந்த கருவிகளுள் ஃபிளாஷ் முதன்மையானது. 1996இன் இறுதியில் மாக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்து, 2005இல் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்த இம்மென்பொருள், படம் வரைதலையும் நிரலெழுதலையும் ஒரே இடத்தில் இணைத்தது. ஆக்கியதை இணையத்தில் ஏற்றியவுடன் உலகின் எப்பகுதியினரும் ஆடலாம் என்ற வாய்ப்பு, ஆயிரக்கணக்கான இளைஞரை அதன்பால் ஈர்த்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ், அப்பிள் நிறுவனத்தின் கைத்தொலைபேசிகளில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்பதை விளக்கிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017இல் அடோபி அதன் முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் ஆதரவு நின்றது. மறு மாதத்தில் ஃபிளாஷ் இயக்கி தன்னுள் எதனையும் ஓடவிடாது தடுத்தது. இருபது ஆண்டுக்கும் மேலான ஆக்கங்கள் இணைய உலாவிகளிலிருந்து ஒருசேர மறைந்தன. 'ரஃபிள்' போன்ற தன்னார்வ முயற்சிகளே அவற்றுட் பலவற்றை மீட்டு வருகின்றன.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது எக்ஸ்.என்.ஏ. என்பதன் வரலாறாகும். 2006இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் மாணவரும் பொழுதுபோக்காக ஆக்குவோரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்ட இச்சட்டகம், 2013இல் இனிப் புதிய பதிப்பு இல்லை என்ற அறிவிப்புடன் கைவிடப்பட்டது. அவ்வேளையில் அதனைக் கொண்டு தம் ஆக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவருள் ஒருவர் எரிக் பரோன். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும் தொழில் கிட்டாத நிலையில், நிரலாக்கத் திறனை வளர்க்கும் பொருட்டு அவர் தொடங்கிய 'ஸ்டார்டியூ வாலி', ஏறத்தாழ நான்கரை ஆண்டுத் தனிமுயற்சியின் பின் 2016இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. கைவிடப்பட்ட கருவி அவரைக் கைவிடவில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. எக்ஸ்.என்.ஏ.யில் எழுதப் பயன்பட்ட சீ ஷார்ப் மொழி, அச்சட்டகத்துக்கு வெளியிலும் வழங்கும் பொதுமொழியாகும். மேலும், அச்சட்டகத்தின் அமைப்பையே பின்பற்றி மொனோகேம் என்னும் திறந்த மூலநிரற் கருவியைத் தன்னார்வலர் உருவாக்கியிருந்தனர். ஸ்டார்டியூ வாலியும் பின்னர் அதற்கு மாற்றப்பட்டது.

ஃபிளாஷ் கற்றோர் யாவற்றையும் இழந்தனர் எனக் கொள்வதும் பொருந்தாது. அதன் ஆக்சன் ஸ்கிரிப்ட் மொழியும் இணையத்தின் ஜாவா ஸ்கிரிப்ட் மொழியும் ஒரே நியமத்தை அடியாகக் கொண்டவை. ஆதலின் ஒன்றை அறிந்தோர் மற்றதற்குப் பெயர்தல் அரிதன்று. எட்மண்ட் மக்மில்லன், புளோரியன் ஹிம்ஸ்ல் ஆகியோர் 2011இல் ஃபிளாஷில் ஆக்கிய 'பைண்டிங் ஒஃப் ஐசாக்', 2014இல் வேறோர் எஞ்சினில் புதிதாக ஆக்கப்பட்டது. விளையாட்டின் வடிவமைப்பு நிலைத்தது. எழுதிய நிரலே மீள எழுதப்பட்டது. கருவி மறையும்போது அழிவது அதனுள் முடங்கிய ஆக்கமும், அதன் பொத்தான்களையும் பட்டியல்களையும் பற்றிய பழக்கமுமாகும். நிரலாக்க அறிவும் வடிவமைப்பறிவும் கற்றவனுடன் பெயர்கின்றன.

வாழுங் கருவிகளுள்ளும் இவ்வழிவு நிகழ்தல் மனங்கொள்ளத்தக்கது. கொப்பன்ஹேகனில் தோன்றி 2005இல் வெளிவந்த யூனிட்டி, தொடக்கத்தில் மூன்று மொழிகளுக்கு இடமளித்தது. அவற்றுள் பூ என்பதும் யூனிட்டி ஸ்கிரிப்ட் என்பதும் காலப்போக்கில் நீக்கப்பட, சீ ஷார்ப் மட்டும் எஞ்சியது. 2014இல் வெளிவந்த அன்ரியலின் நான்காம் பதிப்பு, அதுகாறும் வழங்கிய அன்ரியல் ஸ்கிரிப்டைக் கைவிட்டுச் சீ பிளஸ் பிளஸ் மொழியையும் புளூபிரின்ட் என்னும் காட்சிவழி முறையையும் ஏற்றது. ஒரு கருவிக்கெனவே பிறந்த மொழிகள் அக்கருவியின் ஆயுள் முடியுமுன்னரே மறைந்தன. பொதுமொழிகளைத் தெரிந்தோர் இழந்தது குறைவு.

மொழியோடு நின்றுவிடாத பிறிதொரு கேள்வியை 2023ஆம் ஆண்டு எழுப்பிற்று. 2009இல் இலவசப் பதிப்பொன்றை வழங்கி மாணவரிடையே வேரூன்றிய யூனிட்டி நிறுவனம், 2023 செப்டெம்பர் 12ஆம் திகதி ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. குறித்த வருமானத்தையும் எண்ணிக்கையையும் கடந்த விளையாட்டொன்று ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும், ஆக்கியோர் 20 சதம் வரை செலுத்தவேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஜனவரி முதல் நிகழும் நிறுவல்கள் கணக்கிடப்படும் என்றமையால், முன்னரே வெளிவந்த விளையாட்டுக்களும் இதனுள் அடங்கின. எதிர்ப்பு வலுத்தமையால் பத்து நாள்களில் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. அடுத்த மாதம் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2024 செப்டெம்பரில் அக்கட்டணம் முற்றாக நீக்கப்பட்டது. கட்டணம் போயிற்றெனினும் ஓருண்மை வெளிப்பட்டுவிட்டது. பிறர்க்குரிய கருவியில் ஆண்டுக்கணக்காக உழைத்தோன், அவ்வுழைப்பின் நிபந்தனைகளைத் தான் நிர்ணயிப்பதில்லை என்பதே அது.

அன்று பலரது பார்வை கோடோவின்பாற் சென்றது. ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த ஹுவான் லினியெற்ஸ்கி, ஆரியெல் மன்சூர் ஆகியோர் ஆக்கிய இவ்வெஞ்சின், 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டது. பங்குத்தொகை எதுவும் கேட்கப்படுவதில்லை. ஏற்கெனவே வழங்கிய பதிப்பை மீளப் பறித்தலும் இயலாது. 'டெராரியா'வை ஆக்கிய ரீ-லொஜிக் நிறுவனம் 2023இல் கோடோவுக்கும், எக்ஸ்.என்.ஏ.யின் வழிவந்த எஃப்.என்.ஏ.க்கும் தலா ஓர் இலட்சம் டொலர் நன்கொடை வழங்கிற்று.

எனினும் திறந்த மூலநிரல் என்பது நிலைபேற்றுக்கு முழு உறுதியன்று. பிளென்டர் மென்பொருளில் அமைந்திருந்த விளையாட்டு எஞ்சின் 2019இன் 2.80 பதிப்பில் நீக்கப்பட்டது. கோடோவின் நான்காம் பதிப்பு 2023இல் வந்தபோது, மூன்றாம் பதிப்பில் எழுதியோர் பலவற்றை மாற்றி எழுத நேர்ந்தது. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. நீக்கப்பட்ட பிளென்டர் எஞ்சினின் மூலநிரல் மறையவில்லை. விரும்பியோர் அதனை வேறு பெயரில் தொடர்ந்தனர். மூடிய கருவி நிறுத்தப்படின், அவ்வாறு தொடர்வதற்கு உரிமையில்லை.

இவற்றால் கற்போன் ஆராயவேண்டியவை தெளிவாகின்றன. கருவியின் மொழி அதற்கு வெளியிலும் வழங்குகின்றதா என்பது முதலாவது. அதன் உரிமத்தை மாற்றும் அதிகாரம் யாரிடமுள்ளது என்பது இரண்டாவது. தான் ஆக்க விரும்பும் விளையாட்டின் அளவுக்கு அது பொருந்துமா என்பது மூன்றாவது. உயர்தர முப்பரிமாணக் காட்சியை நாடுவோனுக்கு, ஆக்கியோரிடம் வருமானத்தில் ஒரு பங்கைக் கேட்பினும், அன்ரியல் தக்கதாகலாம். நிறுவனத்தில் தொழில் தேடுவோனுக்கு, 2023இன் நிகழ்வுகளுக்குப் பின்னரும், யூனிட்டி பயன்தரலாம். சிறு விளையாட்டொன்றை முடிக்க எண்ணுவோனுக்கு எளிய கருவியே போதும். டோபி ஃபொக்ஸின் புகழ்பெற்ற 'அண்டர்டேல்' (2015), தொடக்கநிலையினர்க்கு உரியதெனக் கருதப்பட்ட கேம்மேக்கர் கொண்டே ஆக்கப்பட்டது.

எக்கருவியைத் தெரியினும் அஃது ஒருநாள் மாறும் அல்லது மறையும். திசையன் கணிதம், பொருள்களின் மோதலைக் கணித்தல், நிரலை ஒழுங்குபட அமைத்தல், ஆடுவோனின் கவனத்தை வழிநடத்தல் ஆகியவை 1962 முதல் கருவிதோறும் தொடர்ந்து வருவன. அவற்றைக் கற்பதற்குரிய வாயிலாக ஒரு கருவியைக் கொள்பவன், அது மறையும்போது வேறோர் வாயிலை நாடுவான். கருவியையே கல்வியெனக் கொண்டவன், அதனோடு தன் ஆண்டுகளையும் இழப்பான்.