மதியிறுக்கம்

ஆட்டிசத்தை 'மதியிறுக்க நோய்' என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. 'தான்' என்று பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே ஆட்டிசத்தின் வேர். சுவிஸ் மனநல மருத்துவர் புளூலர் 1911-இல், மனச்சிதைவு உள்ளவர் தமக்குள் ஒடுங்குவதைக் குறிக்க ஆட்டிசம் என்ற சொல்லை எழுதினார். 1943-இல் லியோ கானர், குழந்தைகளிடம் கண்ட தனியொரு நிலைக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டார். இன்று அது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாட்டின் பெயர். தமிழில் 'தன்முடக்கம்' என்றார்கள். அது பிள்ளையை மூலையில் உட்காரவைக்கிறது. 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் வந்தது. மதி என்றால் அறிவு; ஆனால் ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் அறிவுத்திறன் குறைவதில்லை. இறுக்கம் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு: பழகியது மாறும்போது வரும் தவிப்பு அது. வீடு மாறுவதையே பாருங்கள். கைலாசபுரத்தில் பெல் நிறுவனப் பணியிலிருந்து ஓய்வு பெறுபவர்கள் நிறுவனக் குவார்ட்டர்ஸையும் காலிசெய்ய வேண்டும். அப்படி வீடு மாறிய, எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, புதுவீட்டுப் படங்களை நாட்காட்டியில் ஒட்டி, ஆட்டிசம் உள்ள மகனை அடிக்கடி அங்கே கூட்டிப்போய், பழைய திரைச்சீலையையே மாட்டிவைத்தார். குடிபோன அன்று அவன் தன் ஜன்னலைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டான். சட்டத்திலும் சொல் மாறியிருக்கிறது: 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயரோடு இருக்கிறது. நல்ல தமிழ்ச்சொல் அமையும்வரை ஆட்டிசம் என்றே சொல்வோம். 'நோய்' என்ற ஒட்டை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள்.