'தி நார்மல் ஹார்ட்' பிறந்த கதை

1981 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' உள்பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. தன்பாலீர்ப்பு ஆண்கள் 41 பேருக்கு அபூர்வமான ஒரு புற்றுநோய் கண்டிருக்கிறது என்றது அது. அதன் பின்னிருந்த நோய்க்கு எய்ட்ஸ் என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை. படித்துக் கலங்கியவர்களில் எழுத்தாளர் லாரி க்ரேமரும் ஒருவர். நண்பர்களைத் தன் வீட்டில் கூட்டிப் பேசினார். 1982-இல் அவரும் இன்னும் ஐவருமாக 'கே மென்ஸ் ஹெல்த் க்ரைசிஸ்' என்ற உதவி அமைப்பைத் தொடங்கினார்கள்.

நண்பர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். நியூயார்க் மாநகராட்சி அசையவில்லை, வெள்ளை மாளிகை வாய் திறக்கவில்லை. க்ரேமர் ஊரறியச் சண்டை போட்டார். அந்த வேகம் கூட இருந்தவர்களுக்கே ஒத்துவராமல், 1983-இல் அமைப்பை விட்டு வெளியேற நேர்ந்தது.

பிறகு ஜெர்மனி போனவர், நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமைப் பார்த்தார். அது 1933-லேயே திறக்கப்பட்டது என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் மூள்வதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே! அத்தனை காலமும் உலகம் சும்மா இருந்திருக்கிறது. நியூயார்க்கிலும் இதுதானே நடக்கிறது என்று பட்டது. 'தி நார்மல் ஹார்ட்' நாடகத்தை எழுத உட்கார்ந்தார்.

1985 ஏப்ரலில் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் தயாரிப்பாளர் ஜோசப் பாப் அதை மேடையேற்றினார். நாயகன் நெட் வீக்ஸ் வேறு யாருமல்ல, க்ரேமரேதான். சக்கர நாற்காலியில் வரும் மருத்துவர் எம்மா, போலியோவால் நடக்க இயலாமல் போன லிண்டா லாபன்ஸ்டைன் என்ற மருத்துவரின் சாயல். அரங்கச் சுவரில் நோயாளிகளின் எண்ணிக்கையை எழுதிவைத்தார்கள். அது ஏற ஏறப் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்கள். நெட்டாக நடித்த பிராட் டேவிஸும் எய்ட்ஸுக்கு ஆளாகி 1991-இல் மறைந்தார்.

திரைக்கு வர 29 ஆண்டுகள் ஆயின. நடிகை பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் நெடுங்காலம் உரிமையை வைத்திருந்தும் படம் கைகூடவில்லை. 2011-இல் நாடகம் பிராட்வேயில் டோனி விருது பெற்றது. 2014 மே மாதம், க்ரேமரே எழுதிய திரைக்கதையுடன், ரயன் மர்ஃபி இயக்கத்தில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் படமாக வந்தது. எம்மி விருதும் வென்றது.

நான் படத்தைப் பார்த்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். அதில் ஒருவன், இறந்த ஒவ்வொரு நண்பனின் முகவரி அட்டையையும் உருவி ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறான். அந்தக் கட்டு பருத்துக்கொண்டே போகிறது. எந்தப் புள்ளிவிவரமும் என்னை இப்படி உலுக்கியதில்லை.

க்ரேமர் 2020-இல், 84 வயதில் காலமானார். பழைய கதைதானே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். கண்முன்னே மனிதர்கள் சாகும்போது கண்டும் காணாமல் இருந்தவர்களின் கதை இது. அது எந்தக் காலத்துக்கும் வேண்டிய எச்சரிக்கை. அவசியம் பாருங்கள்.